காதுவில்லை

எண்பதுகளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கறவை மாடு வைத்திருந்த தலைமுறைக்கு இன்ஷூரன்ஸ் என்றால் நினைவுக்கு வருவது மாட்டின் காதில் கிடந்த உலோக வில்லைதான். 1980 அக்டோபர் 2 முதல் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் வந்தபோது, வங்கிக் கடனில் வாங்கிய மாடுகளோடு இன்ஷூரன்ஸும் சேர்ந்தே தொழுவத்துக்குள் நுழைந்தது. கால்நடை டாக்டர் வருவார், மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயசு சொல்வார், நிறம், கொம்பு, சுழி எல்லாம் படிவத்தில் ஏறும், கடைசியில் காதில் வில்லை ஏறும். வில்லையில் ஓர் எண். மாடு செத்தால் பணம் அந்த எண்ணுக்கு. வேலியில் உரசியோ, காது புண்ணாகிக் கிழிந்தோ வில்லை விழுந்திருக்கும். அதை எழுதிக் கொடுத்து வேறு வில்லை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. செத்தது அதே மாடுதான் என்று ஊரே கூடிச் சாட்சி சொன்னாலும் எடுபடாது. வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பது பாலிசியில் அச்சாகியிருந்த நிபந்தனை. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்ற பேச்சு கிராமத்தில் இன்றும் உண்டு. நியாயமாகப் பார்த்தால், எண் இல்லாத மாட்டுக்குப் பணம் கொடுத்தால் செத்த மாடெல்லாம் இன்ஷூர் செய்த மாடாகிவிடும் என்ற கம்பெனியின் பயம் பொய்யில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. வில்லை அடித்த நாளில் யாரும் அந்த நிபந்தனையை வாசித்துச் சொல்லவில்லை. மாட்டுக்காரர் அதை முதன்முதலாகக் கேட்டது மாடு செத்துக் கிடந்த நாளில்.

இன்றைக்குச் செல்போனிலேயே நாய்க்குப் பாலிசி எடுத்துவிடலாம். இரண்டு மூன்று கம்பெனிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணைகளும் கிடைக்கின்றன. பிரீமியம் எவ்வளவு, காப்புத் தொகை எவ்வளவு, எந்த வயதுவரை எடுத்துக்கொள்வார்கள் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். அந்தக் கட்டங்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் எந்தக் கம்பெனியின் பாலிசியில் காதுவில்லை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. என்ன காரணம் சொல்லி மறுப்பார்கள், அந்தக் காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது, இந்த வருடம் வந்த நோயை அடுத்த வருடம் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் ஆகிய மூன்றையும் ஒப்பிடாமல் பிரீமியத்தை மட்டும் ஒப்பிடுவது, பால் எத்தனை லிட்டர் என்று கேட்காமல் மாட்டின் நிறத்தைப் பார்த்து விலை பேசுவது மாதிரி.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. விலங்குக் காப்பீடு பிறந்ததே தொழுவத்திலும் லாயத்திலும்தான். ஸ்வீடனில் 1890-இல் குதிரைக்கும் கால்நடைக்கும் பாலிசி எழுதத் தொடங்கினார்கள். ஒரு நாய்க்குப் பாலிசி எழுத 1924 ஆயிற்று. பிரிட்டனுக்கு அது 1947-இல் போனது. அமெரிக்காவில் முதல் பாலிசி 1982-இல், தொலைக்காட்சியில் லாஸியாக நடித்த நாய்க்கு. நம் ஊரில் 1973-இல் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் கம்பெனிகளை நான்கு பொதுத்துறை நிறுவனங்களாகச் சேர்த்த பிறகு கால்நடைக் காப்பீடு பரவியது. அந்த நிறுவனங்கள் நாய்க்கும் பாலிசி வைத்திருந்தன. ஆனால் அது மாட்டுப் பாலிசியின் அச்சிலேயே வார்த்தது. நாய் நோயிலோ விபத்திலோ செத்தால் அதன் விலை வரும். மாட்டுக்கு இந்தக் கணக்கு சரி. கடனில் வாங்கிய மாடு செத்தால் போவது முதல். நாய் செத்தால் எந்த முதலும் போவதில்லை. பதினைந்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய லாப்ரடார் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு அறுவைச் சிகிச்சை என்று வந்தால் அந்த விலையைப் போல் சில மடங்கு பில் வரும். அதைவிட, தெருவில் தூக்கி வந்து வளர்த்த நாய்க்குச் சந்தை விலையே கிடையாது. சாவுப் பாலிசியில் அதற்கு என்ன கொடுப்பார்கள்? 2020 ஆகஸ்டில் அப்போதைய பஜாஜ் அலையன்ஸ் கொண்டுவந்த பாலிசி முதலான புதிய பாலிசிகள் அறுவைச் சிகிச்சையையும் மருத்துவமனைச் செலவையும் அடிப்படையாக வைத்து, சாவு, வெளிநோயாளிச் செலவு, காணாமல் போவது, பிறருக்கு ஏற்படும் சேதம் என்று மற்றவற்றைத் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது இதனால்தான். எனவே ஒப்பிட உட்காருபவர் முதலில் பார்க்க வேண்டியது, கையில் இருப்பது சாவுக்கான பாலிசியா, உயிரோடு வைத்திருப்பதற்கான பாலிசியா என்பது. இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. பிரீமியம் குறைவாக இருப்பது பெரும்பாலும் முதல் வகை.

இனி விஷயத்தின் நடுவுக்கு வருவோம். அநேகமாக எல்லா நாய்ப் பாலிசிகளிலும், எந்த நாட்டில் எழுதினாலும், ஒரு சொற்றொடர் இருக்கும்: ஏற்கெனவே இருந்த நோய். மனிதருக்கான பாலிசியிலும் இது உண்டு என்பதால் படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. மனித மருத்துவக் காப்பீட்டில் பழைய நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருந்தால் போதும், பிறகு அதையும் ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் விதித்தது. தொடர்ந்து ஐந்து வருடம் பிரீமியம் கட்டியவரிடம், மோசடி தவிர வேறு காரணம் சொல்லி நீ உண்மையை மறைத்தாய் என்று கிளற முடியாது. 2011 முதல் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு, காத்திருந்த காலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு மாறலாம். இவை மனிதருக்கான பாலிசிகளின் விதிகள். நாய்க்குப் பழைய நோய் என்று ஒருமுறை பெயர் விழுந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பழைய நோய்தான். கம்பெனி மாறினால், பழைய கம்பெனியில் இருந்தபோது வந்த நோய்களும் புதிய கம்பெனியின் கண்ணில் பழைய நோயாகிவிடும். பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம் என்று செல்போன் ரீசார்ஜ் போல நினைத்து எடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு உண்மையில் ஒரே தடவைதான், அதுவும் நாய் குட்டியாக, ஒரு நோயும் ஏட்டில் ஏறாமல் இருக்கும் சில மாதங்களில்.

பழைய நோய் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? கிளினிக்கின் கேஸ் ஷீட்டை வைத்து. நாய் நொண்டுகிறது என்று கூட்டி வருகிறோம். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்கிறார். நம் வாய் சும்மா இருக்காது. “ரொம்ப நாளாவே அப்பப்போ அப்படித்தான் டாக்டர்” என்போம். அவர் அதை ஒரு வரியில், ஆங்கிலச் சுருக்கெழுத்தில், பல வாரங்களாக விட்டுவிட்டு நொண்டல் என்று எழுதிக்கொள்வார். பாலிசி எடுத்து இருபது நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் அந்த ஒரு வரி போதும். நோய்க்குப் பெயர் வைத்த தேதியைக் கம்பெனி பார்ப்பதில்லை. அறிகுறி தென்பட்ட தேதியைப் பார்க்கும். முழங்கால் ஜவ்வு கிழிந்தது இடது காலில் என்றால், பின்னாளில் வலது காலில் கிழிவதும் அதே பழைய நோய் என்று சொல்லும் இருபக்க விதி பல அமெரிக்கப் பாலிசிகளில் உண்டு. நம் ஊருக்கு உண்ணிக் காய்ச்சலே போதுமான உதாரணம். உண்ணி கடித்து வரும் எர்லிக்கியா கிருமி, காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் பதுங்கியிருக்கக் கூடியது. போன சித்திரையில் வந்த காய்ச்சல் இந்தச் சித்திரையில் திரும்ப வந்தால் அது மீண்டும் தலைதூக்கிய பழையதா, புது உண்ணி கொண்டுவந்த புதியதா? டாக்டரே அடித்துச் சொல்ல முடியாது. அடித்துச் சொல்ல முடியாத இடத்தில் யாருடைய சொல் எடுபடும் என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கம் 2022-இல் ஏற்ற மாதிரிச் சட்டம், பழைய நோய் என்று மறுக்கும் கம்பெனியே அதை நிரூபிக்க வேண்டும் என்றது. சில அமெரிக்கப் பாலிசிகள், குணமாகக் கூடிய நோயாக இருந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ அறிகுறி இல்லாமல் கழிந்தால், மறுபடி வருவதைப் புதியதாகவே எடுத்துக்கொள்கின்றன. இந்த இரண்டு வரிகள் பாலிசியில் இருக்கின்றனவா என்று தேடுவது, பிரீமியத்தில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் தேடுவதைவிடப் பயனுள்ளது.

பிறவிக் கோளாறு, பரம்பரை நோய் என்ற விலக்குகளும் இதே ஜாதிதான். இடுப்பு மூட்டுக் கோளாறு லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இனவாகில் வருவது. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக நாம் பெருமைப்படும் ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவதை வளர்ப்பவர்கள் நெடுநாளாக அறிவார்கள்; அந்த நிறத்தோடு சேர்ந்தே வருகிற குறை அது. பரம்பரை நோய்களை மொத்தமாக விலக்கும் பாலிசியை ஜெர்மன் ஷெப்பர்டுக்கு எடுப்பதும், வெள்ளம் விலக்கு என்று எழுதிய வீட்டுப் பாலிசியை வெள்ளம் புகும் முடிச்சூரில் எடுப்பதும் ஒன்று. தெரு நாய்க்கு இதே விலக்கு அவ்வளவாக உறுத்தாது. ஆகவே சிறந்த பாலிசி எது என்று பொதுவாகக் கேட்பவருக்குப் பதில் கிடையாது. எந்த நாய்க்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் உண்டு.

அடுத்தது காலம். பிரிட்டனில் நாய்ப் பாலிசிகளை நான்காகப் பிரிக்கிறார்கள். விபத்துக்கு மட்டும், ஒரு நோய்க்குப் பன்னிரண்டு மாதம் மட்டும், ஒரு நோய்க்கு இவ்வளவு தொகை தீரும்வரை மட்டும், ஆயுள் முழுக்க வருடாவருடம் தொகை புதிதாக நிரம்பும் வகை. கால் முறிவுக்கு இந்த நான்கில் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சர்க்கரை நோய்க்கு மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். எட்டு வயதில் சர்க்கரை வந்த நாய்க்குத் தினமும் இன்சுலின் ஊசி, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, நாளடைவில் கண் புரை. இரண்டாம் வகைப் பாலிசி முதல் வருடத்தோடு கையை உதறிவிடும். மிச்ச வருடங்கள் நம் பாடு. நான்காம் வகைதான் கூட வரும், பிரீமியத்தையும் கூட ஏற்றிக்கொண்டே வரும். இந்தியப் பாலிசிகள் பெரும்பாலும் வருட ஒப்பந்தங்கள். இந்த வருடம் தொடங்கிய நோய்க்கு, இடைவெளி விடாமல் புதுப்பித்தால், அடுத்த வருடமும் பணம் உண்டா, அல்லது புதுப்பித்த தேதியில் அது பழைய நோயாகிவிடுமா? இதை ஏஜென்ட்டிடம் கேட்டால் “உண்டு சார், கவலையே படாதீங்க” என்பார். கம்பெனிக்கு இமெயிலில் கேட்க வேண்டும். சண்டை என்று வந்தால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு பைசா கட்டணம் இல்லாமல் முறையிடலாம், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது; அங்கே எடுபடுவது அந்த இமெயில், ஏஜென்ட் சொன்ன ஆறுதல் எடுபடாது.

நல்ல கம்பெனியாகப் பார்த்து எடுத்தால் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. க்ளெய்ம் தீர்க்கும் விகிதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதாதா? போதாது. வெளியாகும் விகிதங்கள் கார், மனித மருத்துவம் முதலான பெரிய வியாபாரங்களைச் சொல்பவை. நாய் க்ளெய்ம் அந்தக் கடலில் ஒரு சொட்டு, அதற்கென்று தனி எண் கிடையாது. பெயரும் முழுக் காவலில்லை. அமெரிக்காவின் மிகப் பெரிய செல்லப்பிராணிக் காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்றான நேஷன்வைட், மருத்துவச் செலவு ஏறிவிட்டது என்று சொல்லி, சுமார் ஒரு லட்சம் பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024 ஜூனில் அறிவித்தது. லாஸிக்கு எழுதிய கம்பெனியின் வாரிசு அதுவேதான். வருடக்கணக்காகக் கட்டி வந்தவர்களின் வயதான நாய்கள், எல்லா நோயும் பழைய நோயாகிப்போன வயதில், வெளியே நின்றன. ஒப்பந்தப்படி அது குற்றமில்லை. புதுப்பிக்கும் உரிமை யார் கையில் என்ற வரி அவர்கள் பாலிசியிலும் இருந்திருக்கும்.

தொகைக் கணக்கில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை, ஆனால் ஒரு சூட்சுமம் சொல்ல வேண்டும். பில் ஒரு லட்சம். பத்தாயிரம் நம்முடையது, எண்பது சதவீதம் கம்பெனியுடையது என்று இரண்டு பாலிசிகள் சொல்கின்றன. ஒன்று, பத்தாயிரத்தை முதலில் கழித்து, மிச்சம் தொண்ணூறாயிரத்தில் எண்பது சதவீதம் பார்க்கும், 72,000 வரும். இன்னொன்று, ஒரு லட்சத்துக்கு எண்பது சதவீதம் பார்த்துவிட்டுப் பத்தாயிரத்தைக் கழிக்கும், 70,000 வரும். விளம்பரத்தில் இரண்டும் ஒரே எண்கள்தான். அந்தப் பத்தாயிரம் வருடத்துக்கு ஒருமுறையா, நோய்க்கு ஒருமுறையா, மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு தடவையுமா என்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது. சர்க்கரை நாய்க்கு நோய்க்கு ஒருமுறை என்பது வரம். வருடத்தில் நான்கு சின்ன நோய் வரும் நாய்க்கு அதுவே நஷ்டம்.

இதற்கெல்லாம் தலையை உடைத்துக்கொள்வதைவிட மாதம் எண்ணூறு ரூபாய் ஆர்.டி. போட்டுவிடலாமே என்பது நம் மக்களிடம் இயல்பாக எழும் எதிர்வாதம், அதை நான் லேசாக நினைக்கவில்லை. மூன்று வருடத்தில் வட்டி சேர்க்காமலே 28,800 ரூபாய் கையில் இருக்கும். யாரிடமும் வில்லை காட்ட வேண்டியதில்லை. தடுப்பூசி, பல் சுத்தம், வயிற்றுப்போக்கு போன்ற செலவுகளுக்கு ஆர்.டி.தான் சரி என்றே சொல்வேன். அவற்றைப் பாலிசியில் சேர்க்கும் கூடுதல் காப்புகள் பெரும்பாலும் கொடுத்த பணத்தை வேறு சட்டைப்பையில் போட்டுத் திருப்பித் தருபவை. பத்து வயது நாய்க்கும் பெரும்பாலும் ஆர்.டி.யைத் தவிர வழியில்லை, அந்த வயதில் புதிதாகச் சேர்க்கக் கம்பெனிகள் தயங்கும். ஆனால் ஆர்.டி. தொடங்கிய மூன்றாம் மாதம் நாய் காரில் அடிபட்டால் கையில் இருப்பது 2,400. அறுபதாயிரம் பில்லுக்கு முன்னால் அது என்ன செய்யும்? எப்போதோ வரும் பெரிய அடிக்குப் பாலிசி, எப்போதும் வரும் சின்னச் செலவுக்கு ஆர்.டி. என்று பிரித்துக்கொண்டால் இந்த வாதம் பாதி தீர்ந்துவிடும். பிறகு ஒப்பிடுவதும் எளிதாகிவிடும். சின்னச் செலவுகளுக்கான கவர்ச்சிப் பட்டியலைப் பார்க்கவே வேண்டாம்.

வேப்பேரி இருக்கும்போது பாலிசி எதற்கு என்பது சென்னைக்காரர்களின் வாதம். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. கூடைப் பூனை முதல் கோவில் யானை வரை பார்த்த கைகள். கட்டணம் தனியார் கிளினிக்கின் பக்கத்தில்கூட வராது. காலையில் சீட்டு வாங்கிக் காத்திருக்க முடிந்தவருக்கு அது எந்தப் பாலிசியையும்விட மேல், மறுக்க முடியாது. தென்காசியில் நாய் வளர்ப்பவருக்கு வேப்பேரி இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வயிறு முறுக்கி உப்பிய பெரிய ஜாதி நாய்க்குச் சில மணி நேரம்தான் கெடு. தாம்பரத்தில் இருப்பவரும் அப்போது பக்கத்தில் திறந்திருக்கும் கதவைத்தான் தட்டுவார்.

காப்பீடு பெருகினால் மருத்துவக் கட்டணமும் பெருகும் என்பது இவற்றைவிடக் கனமான எதிர்வாதம். பிரிட்டனில் பெரிய குழுமங்களின் கையில் இருந்த கால்நடை கிளினிக்குகள் 2013-இல் பத்தில் ஒன்று. பத்தே வருடத்தில் பத்தில் ஆறை நெருங்கிவிட்டன என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் கண்டு, கட்டணங்களை விசாரிக்க இறங்கியது. பில்லைக் கட்டுவது வேறொருவர் என்றால் பில் எழுதுகிற கை தாராளமாகும் என்பது மனித மருத்துவமனையில் நாம் பார்த்ததுதான். இதற்குத் தனி ஆளாக என்னிடம் பதில் இல்லை. நான் ஒருவன் பாலிசி எடுக்காமல் இருப்பதால் ஸ்கேன் கட்டணம் குறையப் போவதில்லை என்பது மட்டும் தெரியும்.

பிறரைக் கடித்தால் வரும் பொறுப்புக்கான காப்பு பற்றி ஒரு வார்த்தை. சென்னை மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் இரண்டையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாதவருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று 2025-இல் இறுக்கிப் பிடித்த பிறகு இந்தக் காப்பு எதற்கு என்று தெரிந்துகொள்வது நல்லது. கடிபட்டவருக்குச் சட்டப்படி நாம் தர வேண்டிய இழப்பீட்டுக்குத்தான் அது. அபராதத்தை எந்தப் பாலிசியும் கட்டாது. உரிமம் இல்லாத நாய்க்கு அந்தக் காப்பு செல்லுமா என்பதையும் பாலிசியில் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

மாட்டுக்குப் பன்னிரண்டு இலக்க எண்ணோடு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை வந்துவிட்டது. நாய்க்குப் பதினைந்து இலக்கம், அரிசிமணி அளவு சிப், தோளுக்கு நடுவே தோலுக்கடியில். வேலியில் உரசினால் விழாது, கண்ணாலும் பார்க்க முடியாது. சிலது காலப்போக்கில் தோளிலிருந்து நகர்ந்து முன்னங்கால் பக்கம் போய்விடும். வருடாந்தரத் தடுப்பூசிக்குப் போகும்போது ஸ்கேனரை உடம்பு முழுக்க ஓட்டச் சொல்லி, திரையில் வரும் எண்ணையும் பாலிசியில் அச்சாகியிருக்கும் எண்ணையும் இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்து, கேஸ் ஷீட்டில் டாக்டரின் கையால் எழுதி வாங்கிக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும்.